நடுவில் எங்கே இறங்குவது?

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் பள்ளி விடுமுறையில் மனைவி, பிள்ளை, அம்மா, அப்பா என்று குடும்பத்தோடு ஜப்பான் போகிறான். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றும் முடிவாகிவிட்டன. கையில் மிச்சமிருக்கும் மூன்று நாளுக்காக ஏழு ஊர்ப் பெயர்களைச் செல்போனில் குறித்துக்கொண்டு தேனிக்கு வந்திருந்தான். ‘மாமா, இதுல எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்?’ என்றான். ஏழுமே நல்ல ஊர்கள், அதுதான் சிக்கல். நல்ல ஊரா என்று மட்டும் பார்த்தால் எந்த ஸ்டேஷனையும் விட மனசு வராது. டீ சொல்லிவிட்டு, ஜப்பானைச் சற்றுத் தள்ளி வை மாப்ள, முதலில் நம்ம போடி லைனை எடுத்துக்கொள் என்றேன். மதுரையிலிருந்து மொத்தமே 90 கிலோமீட்டர். ஆனால், நடுவில் எங்கே இறங்குவது என்பதற்குக் கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றையும் அந்த 90 கிலோமீட்டரிலேயே கேட்டுப் பார்த்துவிடலாம்.

முதல் கேள்வி: இந்த ரயில் எதை ஏற்றிப் போக வந்தது?

மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. போடியைத் தாண்டித் தண்டவாளம் கிடையாது, எதிரே மலை நிற்கிறது. ஒரு பெரிய நகரத்திலிருந்து கிளம்பி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக மலையடிவாரத்தில் போய் முட்டி நின்றுவிடும் ஒரு பாதையை யாரும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகப் போட மாட்டார்கள். மேலே ஏலக்காயும் தேயிலையும் விளைந்தன, அவை கீழே இறங்கி வந்தாக வேண்டும். அதற்குத்தான் ரயில்.

இந்தக் கதையின் மேல்பாதி கேரளத்தில் இருக்கிறது. மூணாறு தேயிலைத் தோட்டக்காரர்கள் 1902-ல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓட்டினார்கள். 1908-ல் அதைச் சிறிய இரட்டைத் தண்டவாள ரயிலாக மாற்றினார்கள். அது போய் முடிந்த இடம்தான் இன்று சுற்றுலாக்காரர்கள் பனிமூட்டத்தில் நின்று படம் பிடிக்கும் டாப் ஸ்டேஷன். அந்தப் பெயரில் இருக்கும் ஸ்டேஷன் சும்மா அலங்காரத்துக்கு வந்ததில்லை. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி நம் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து வண்டியில் போடி. 1924-ல் பெய்த பேய்மழையில் மலைமேல் ஓடிய ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. போடிக்கு ரயில் வந்தது அதற்கு நான்கு வருஷம் கழித்து. ஆக, மலைமேல் ரயிலும் மலையடி ரயிலும் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஓடியதில்லை. வரைபடத்தில் இரண்டையும் ஒரே கோடாகப் பார்க்கும்போது எனக்கு இது இன்னமும் ஆறவில்லை.

கீழே இருந்த பாதைக்கும் நிம்மதியான வாழ்க்கை அமையவில்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் வண்டி நின்றது. தேனி வரை ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடி வரை 2023 ஜூன் 15. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ தொடும் வரை தேனியில் ரயில் சத்தம் இல்லை.

இதெல்லாம் எதற்கு என்றால், எங்கே இறங்குவது என்பதற்கு இந்தக் கதையே பதில் சொல்லிவிடுகிறது. சரக்கு ஏறிய இடத்தில் இறங்கு. இந்த லைனில் அது போடி. ஏலக்காய் ஏலம் இன்றைக்கும் அங்கே நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் மாறி மாறி நடக்கும். ஏல அரங்குக்குள் வெளியாளுக்கு வேலையில்லை. ஆனால் ஏலக்காய்க் கடைத் தெருவில் நடந்தாலே போதும். காயைத் தரம் பிரிக்கும் பெண்களின் கைவேகம், கடைக்காரர் காயின் பருமனை ‘எட்டு மில்லியா, ஏழு மில்லியா’ என்று கேட்கும் தோரணை, விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் எல்லாம் எந்த ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ பட்டியலிலும் வராது. போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள் இதையெல்லாம் கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு நிமிஷத்தில் கடந்துவிடுகிறார்கள். குரங்கணிப் பக்கம் போனால் கொட்டகுடியையும் பார்க்கலாம். ஆனால் மலையேற்றம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மலையேறப் போனவர்கள் அங்கே பலியான 2018 மார்ச் 11 காட்டுத்தீக்குப் பிறகு அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டியையும் என்ன செய்வது? ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிப் போட்ட பாதையை ஜன்னலோரமாக உட்கார்ந்து பார், அதற்கு இறங்க வேண்டியதில்லை. அணை பார்க்க ஆசையிருந்தால் ஆண்டிபட்டியில் இறங்கி வைகை அணைக்குப் போகலாம். 1959-ல் திறந்தது, உயரம் 111 அடி, பூங்காவும் உண்டு. பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் அது அரைநாளைத் தின்னும். அணையைப் பார்த்துவிட்டு அதே நாளில் போடியையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் இரண்டையும் பார்க்க மாட்டாய்.

இப்போது இதே கேள்வியை ஜப்பானுக்குக் கொண்டுபோகலாம். டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே ஓடும் டொகாய்டோ ஷின்கான்சென் 1964-ல் வந்தது. அதில் மிக வேகமான வண்டி நொசோமி. அது ஷிசுவோக்கா மாவட்டத்தில் எங்கேயுமே நிற்காது. அந்த மாவட்டத்துக்குள் ஷின்கான்சென் ஸ்டேஷன் ஆறு இருக்கின்றன, ஆறையும் தாண்டிப் பறந்துவிடும். ஜப்பானின் பேர்பெற்ற தேயிலைச் சீமை அதுதான். அங்கே இறங்க வேண்டுமென்றால் நொசோமியை விட்டுவிட்டு, சில ஹிக்காரி வண்டிகளிலோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் கொடாமாவிலோ ஏற வேண்டும். ஷிசுவோக்காவில் இறங்கிச் சாதாரண ரயில் பிடித்தால் கனாயா. கனாயாவைச் சுற்றி மேட்டுநிலமெல்லாம் தேயிலை. அங்கிருந்து ஆற்றோரமாக மலைக்குள் போகிறது ஓய்கவா ரயில்பாதை. மலைமரத்தையும் தேயிலையையும் கீழே கொண்டுவந்த பாதை அது. 1976 முதல் அதில் நீராவி எஞ்சினை மறுபடியும் ஓட்டுகிறார்கள். அதற்கும் மேலே, அணை கட்டுவதற்காகப் போட்ட இகவா பாதையில் ஒரு துண்டு பல்சக்கரத் தண்டவாளம் இருக்கிறது. ஜப்பானில் வேறெங்கும் அது கிடையாது. மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏறியிருக்கிறாயே, அதே ஆப்ட் முறைதான். 2022 சூறாவளியில் ஓய்கவா பாதை சேதமாகி ஒரு பகுதியில் வண்டி நின்றுபோனது. எதுவரை ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

‘அப்போ ரயில் போற ஊர்லதான் எறங்கணுமா மாமா?’ என்றான். கெட்டிக்காரக் கேள்வி. ஏனென்றால் இரண்டாவது கேள்வி அதற்கு நேர் எதிரானது: இந்த ரயில் எந்த ஊரை விட்டுவிட்டுப் போனது?

நம்ம பக்கத்தில் அது கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும்தான். தேனிக்கு வந்த தண்டவாளம் மேற்கே போடிக்குத் திரும்பிவிட்டது. தெற்கே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று மலையோரமாக நீளும் ஊர்கள் எதற்கும் ரயில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்கு ரயில் விடு என்ற கோரிக்கை எத்தனை தேர்தலைப் பார்த்துவிட்டதோ. பள்ளத்தாக்கு பச்சையாக இருப்பதற்குக் காரணம் 1895-ல் எஞ்சினியர் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையும், அங்கிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீரும். 14,707 ஏக்கரில் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடக்கே திராட்சை ஒரு பருவத்துக்குக் காய்க்கும், இங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் அறுவடை இருக்கும். ஆகவே எந்த மாதம் வந்தாலும் ஏமாற்றம் இல்லை. சின்னமனூர் என்றால் பாண்டியர் செப்பேடுகளும், உத்தமபாளையம் என்றால் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் எனக்கு நினைவுக்கு வரும். இப்போது காரில் வருபவர்கள் புறவழிச்சாலையைப் பிடித்து இந்த இரண்டு ஊரையும் கண்ணால் பார்க்காமலேயே குமுளி சேர்ந்துவிடுகிறார்கள். ரயில் விட்டுவிட்ட ஊரைச் சாலையும் விட்டுவிட ஆரம்பித்திருக்கிறது.

பள்ளத்தாக்கில் ஓரிடம்தான் என்றால் என் ஓட்டு கம்பத்துக்கு. தேனியிலிருந்து பஸ்ஸில் சுமார் 40 கிலோமீட்டர். இரவு அங்கே தங்கினால் காலையில் திராட்சைத் தோட்டம், அங்கிருந்து சுருளி அருவி, மதியத்துக்கு மேல் லோயர்கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம். மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போவதையும் அங்கேதான் பார்க்கலாம். அருவியில் வெள்ளம் என்றால் குளிக்க விடமாட்டார்கள், வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். மேகமலையையும் இதோடு சேர்க்காதே. அது தனிப் பயணம்.

ஜப்பானில் இதற்கு ஈடாக ஓரிடம் சொல்வேன், கிசோ பள்ளத்தாக்கு. டோக்கியோவையும் கியோட்டோவையும் மலைவழியாக இணைத்த பழைய நடைபாதை நக்காசென்டோ. அதன் ஓரத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப்போன சாவடி ஊர்கள் மாகொமேவும் சுமாகோவும். 1911-ல் சுவோ ரயில்பாதை முழுசாக இணைந்தபோது அது இந்த ஊர்களுக்குள் வரவில்லை, ஆற்றோரமாகப் போய்விட்டது. வழிப்போக்கர்கள் வருவது நின்றது, ஊர் படுத்துவிட்டது. படுத்ததால்தான் இடிக்காமல் தப்பியது. 1960-களின் கடைசியில் சுமாகோக்காரர்கள் வீடுகளைப் பழுதுபார்க்க ஆரம்பித்தார்கள். விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பகலில் பிரதான தெருவுக்குள் கார் விடமாட்டார்கள். நகோயாவில் ஷினானோ எக்ஸ்பிரஸ் ஏறி நக்காட்சுகாவாவில் இறங்கினால் மாகொமேவுக்கு பஸ். மாகொமேவிலிருந்து சுமாகோவுக்கு 8 கிலோமீட்டர், காட்டுப்பாதை, பெரும்பாலும் இறக்கம். வழியில் கரடி வராமலிருக்க அடிக்கச் சொல்லி மணி கட்டி வைத்திருப்பார்கள், பிள்ளைக்குக் கொண்டாட்டம். அக்காவின் மூட்டுவலி அந்த 8 கிலோமீட்டருக்கு ஒத்துழைக்காது. அவளும் அத்தானும் பஸ்ஸில் வரட்டும்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்காமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: திரும்ப வண்டி எப்போது? மதுரை–போடி பயணிகள் வண்டி காலையில் மதுரையிலிருந்து வருகிறது, மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. சென்னை–போடி வண்டி வாரம் மூன்று நாள்தான். அப்படியென்றால் இந்த லைனில் ஆண்டிபட்டியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இறங்கினால் மிச்சம் எல்லாம் பஸ்தான். டொகாய்டோ பாதையில் சில நிமிஷங்களுக்கு ஒரு ரயில் வரும், அந்தப் பழக்கத்தில் கிளைப்பாதைக்குள் நுழைந்து மாலை ஐந்து மணிக்கு நிற்கும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் நிறைய. கிளைப்பாதையில் ஜப்பானும் போடிதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அங்கிருந்து கிளம்பும் கடைசி வண்டியைப் பார்த்துவிடு. பகல்வண்டியில் போய் அன்றே திரும்ப முடியாத ஊர் என்றால், ஒன்று அங்கேயே இரவு தங்கு, இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. நான் தங்கச் சொல்கிற கட்சி. பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் சுமாகோ போன்ற ஊரில் தெருவே கண்ணுக்குத் தெரியும்.

மூன்று நாளில் இப்படி இரண்டு இரவுதான் கொள்ளும். ஏழு ஊர் இரண்டாகக் குறைந்துவிட்டது. முதல் இரவு கிசோ. பெட்டி படுக்கையை நினைத்துப் பயப்படாதே. பெரிய பெட்டிகளை இந்த ஹோட்டலிலிருந்தே அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடலாம். யமாதோ கம்பெனி 1976-ல் ஆரம்பித்த வீட்டுக்கு வீடு பார்சல் முறை அங்கே எல்லார் வாழ்க்கையிலும் ஒட்டிவிட்டது. தோள்பையோடு ஒரு இரவு கிசோவில் தங்கிவிட்டுக் கியோட்டோ போனால் பெட்டி அங்கே காத்திருக்கும்.

இனி அக்காவின் சாப்பாடு. அவள் சுத்த சைவம். ஜப்பானில் காய்கறிச் சூப்பு என்று கொடுப்பதிலும் தாஷி என்கிற கொதிநீர்ச் சாறு இருக்கும், அதில் கருவாட்டுச் சீவல் சேர்ந்திருப்பதுதான் வழக்கம். அங்கே யாரும் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் அது மாமிசத்தில் சேராது. ஆகவே இரண்டாவது இரவை அவளுக்காகவே கோயாசானில் வை. கூக்காய் என்ற துறவிக்கு 816-ல் கிடைத்த மலை அது. சுமார் 50 கோயில்களில் தங்க இடம் கொடுக்கிறார்கள். அங்கே போடும் சோஜின் சாப்பாட்டில் மீன், மாமிசம் மட்டுமில்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்காய் ரயில், மலையடியில் கேபிள் கார், மேலே பஸ். இந்தப் பாதையும் முதல் கேள்விக்குப் பொருந்தும், அது பக்தர்களைச் சுமக்கிறது. தனியார் பாதை என்பதால், வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் அதில் செல்லாது.

பாஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 ஆனது. டோக்கியோ–கியோட்டோ ஒருவழி சுமார் 14,000 யென். ஒருவழிப் பயணமும் இரண்டு கிளையும் என்றால் பாஸ் நஷ்டம். தனித்தனியாக எடு. அதில் ஒரு வசதி உண்டு: 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அடிப்படைப் பயணச்சீட்டில், பெருநகரச் சுற்றுவட்டத்துக்குள்ளேயே முடிகிற பயணமாக இல்லாவிட்டால், நடுவில் இறங்கி மறுநாள் ஏறிக்கொள்ளலாம். டோக்கியோ–கியோட்டோ 500 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, சீட்டு நான்கு நாள் செல்லும். எக்ஸ்பிரஸ் கட்டணச் சீட்டு மட்டும் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தனி. ஷிசுவோக்காவில் ஒரு இரவு என்றால் இது கச்சிதமாகப் பொருந்தும். கிசோ என்றால் நகோயாவிலிருந்து போகவர தனிச்சீட்டு. நம் ரயில்வேயிலும் 500 கிலோமீட்டர் கடந்தபின் ஒருமுறை பயணத்தை நிறுத்தி ஏறிக்கொள்ளும் விதி உண்டு, கேட்பார்தான் இல்லை.

பயணம் மே மாதத் தொடக்கத்தில் என்றான். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5, 6 வரை ஜப்பானில் கோல்டன் வீக், நாடே கிளம்பிவிடும். அந்த நாட்களில் நொசோமியில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது. சித்திரையில் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழா நடக்கும்போது கம்பத்துக்கு பஸ் ஏறிப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழியில் குமுளிப் பாதையும் அப்படித்தான், ஐயப்ப பக்தர்கள் வண்டிக்காகப் போக்குவரத்தைக் கம்பமெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள். பயணத்தை மே 8-க்கு மேல் தள்ளிவைத்தால் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடமும் திறந்திருக்காது, அங்கே கூட்டமும் வடிந்திருக்கும், மலையில் புதுத் தேயிலை பறித்துக்கொண்டும் இருப்பார்கள்.

முன்பதிவில் ஒரு வித்தியாசம். இங்கே 60 நாளுக்கு முன்னால் டிக்கெட் திறக்கும். அங்கே ஷின்கான்சென் இருக்கை வழக்கமாக ஒரு மாதத்துக்கு முன்னால்தான் திறக்கும், காலை 10 மணிக்கு. ஆனால் தங்குமிடத்துக்கு அந்த நிதானம் கிடையாது. சுமாகோவில் விடுதிகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவு, கோயாசான் கோயில்களில் அறையும் கொஞ்சம்தான். எனவே வரிசை இப்படி: முதலில் அந்த இரண்டு இரவுக்கும் இடம், அது எந்தத் தேதிக்குக் கிடைக்கிறதோ அதை வைத்துக் கியோட்டோ, ஒசாகா நாட்கள், கடைசியில் ரயில். அவன் அங்கேயே உட்கார்ந்து ஏழு பெயரில் ஐந்தை அழித்துவிட்டு, கோயாசானுக்கு அக்காவைக் கேட்க போன் போட்டான்.